மூச்சு முந்தும், முழங்கால் பிந்தும்: நீண்ட இடைவெளிக்குப் பின் சைக்கிள் பயிற்சி

இரண்டு மூன்று வருடம் மூலையில் கிடந்த சைக்கிளைத் துடைத்தெடுத்து மறுபடி ஓட்டத் தொடங்குகிறவர்களுக்கு முதல் இரண்டு வாரம் கடினமாக இருக்கும். மூன்றாவது வாரம் திடீரென்று எல்லாம் இலகுவாகும். மூச்சு வாங்கிய மேம்பாலத்தில் பேசிக்கொண்டே ஏறுவார்கள். "பழைய ஃபார்ம் வந்துவிட்டது" என்று தோன்றும். அந்த ஞாயிறே பழைய குழுவோடு பழைய வேகத்தில் 80 கி.மீ. போவார்கள். முழங்கால் வலி, இடுப்புப் பிடிப்பு, உட்காரும் இடத்தில் கொப்புளம் எல்லாம் பெரும்பாலும் அதை அடுத்த இரண்டு மூன்று வாரங்களில்தான் தலைகாட்டுகின்றன. அத்தோடு சைக்கிள் மறுபடி மூலைக்குப் போய்விடும்.

இப்படி நடப்பதற்குக் காரணம் சோம்பலோ வயதோ அல்ல. உடம்பின் ஒவ்வொரு பாகமும் ஒவ்வொரு வேகத்தில் தளர்கிறது, ஒவ்வொரு வேகத்தில் தேறுகிறது. எட்வர்ட் காயிலும் சக ஆய்வாளர்களும் 1984இல் வெளியிட்ட ஆய்வில், நன்கு பயிற்சி பெற்றவர்கள் பயிற்சியை அடியோடு நிறுத்தியபோது உடம்பு உச்சமாக உள்வாங்கும் ஆக்சிஜன் அளவு முதல் 21 நாளில் 7 சதவீதம் குறைந்தது. 56 நாளில் 16 சதவீதக் குறைவில் போய் நின்றது. முதல் சரிவுக்குக் காரணம் இதயம் ஒரு துடிப்பில் தள்ளும் ரத்தம் குறைந்ததுதான். 1986இல் காயில், ஹெம்மர்ட், ஆண்ட்ரூ கோகன் மூவரும் அதைத் துருவிப் பார்த்தார்கள். சில வார ஓய்விலேயே உடம்பில் இருக்கும் மொத்த ரத்தத்தின் அளவு 9 சதவீதம் இறங்கியிருந்தது. அதைச் செயற்கையாகக் கூட்டியபோது இழந்ததில் பெரும்பகுதி அங்கேயே திரும்பிவிட்டது. (மிதிக்கும் வலுவை வாட்டில் அளந்து பயிற்சியைப் படிகளாகப் பிரிக்கும், இன்று எல்லோரும் பயன்படுத்தும் வாட் மண்டலங்களை வகுத்தவர் இந்தக் கோகன்தான்.)

ரத்தத்தின் நீர்ப்பகுதி ஓட்டத் தொடங்கிய ஒன்றிரண்டு வாரத்திலேயே பெருகத் தொடங்குகிறது. மூன்றாவது வாரத்தில் வரும் அந்த இலகு அதனால்தான். தசைக்குள் ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாக்கள் பெருக ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். முழங்கால் சிப்பியைத் தாங்கும் தசைநாண்கள் பலப்பட மாதக்கணக்கில் ஆகும். அவற்றுக்கு ரத்த ஓட்டம் குறைவு, கொலாஜன் மெதுவாகவே புதுப்பிக்கப்படும். பயிற்சித் திட்டத்தை மூச்சின் வேகத்துக்குப் போடுவதா, தசைநாணின் வேகத்துக்குப் போடுவதா என்பதுதான் கேள்வி. தசைநாணின் வேகத்துக்கே போட வேண்டும். இந்தக் கட்டுரை முழுக்க அதை ஒட்டியே போகிறது.

பேச்சுக்கு ஒரு இலக்கு வேண்டும். சென்னையில் இருப்பவர், முன்பு ஒழுங்காக ஓட்டியவர், வேலையும் குடும்பமும் இடையில் வர நிறுத்தியவர், 16 வாரத்தில் 200 கி.மீ. பிஆர்எம் (கால வரம்புக்குள் முடிக்க வேண்டிய, போட்டியல்லாத நெடுந்தூரச் சவாரி) முடிக்க விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதற்கான கால வரம்பு 13 மணி 30 நிமிடம். நிறுத்தங்களையும் சேர்த்து மணிக்குச் சராசரி 15 கி.மீ.க்குச் சற்றுக் குறைவு. வேகம் இங்கே பெரிய விஷயமே அல்ல, உடம்பின் எல்லாப் பாகமும் அத்தனை நேரம் தாங்க வேண்டும்.

முதலில் மருத்துவர்

40 வயதைத் தாண்டியவர்கள், சுகர், பிபி, புகைப்பழக்கம் உள்ளவர்கள், குடும்பத்தில் இளவயதில் மாரடைப்பு வந்த வரலாறு உள்ளவர்கள் தொடங்கும் முன் மருத்துவரைப் பார்ப்பது கட்டாயம். ஈசிஜி, தேவையென்றால் டிரெட்மில் பரிசோதனை, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, ஹீமோகுளோபின். சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் பி12 அளவையும் பார்த்துக்கொள்ளலாம். ஹீமோகுளோபின் குறைவாக இருந்தால் எந்தப் பயிற்சியும் ஏறாது, காரணம் தெரியாமல் மாதக்கணக்கில் திணற வேண்டியிருக்கும்.

மருந்து எடுப்பவர்கள் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். பிபிக்கும் இதயத்துக்கும் கொடுக்கும் அட்டினலால், மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரைகள் இதயத் துடிப்பு ஏறுவதையே தடுக்கும். அவர்கள் துடிப்பை வைத்துப் பயிற்சியின் கடுமையை அளந்தால் தவறாகும். இன்சுலின், கிளிமிபிரைடு எடுப்பவர்களுக்கு ஓட்டும்போதும் ஓட்டி முடித்துப் பல மணி நேரம் கழித்தும் சர்க்கரை தாழலாம். காலை மருந்தை எப்போது எடுப்பது என்று மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்யுங்கள், சட்டைப் பையில் குளுக்கோஸ் இருக்கட்டும். காய்ச்சலிலிருந்து தேறி வருகிறவர்கள் காலையில் எழுந்ததும் பார்க்கும் துடிப்பு வழக்கமான அளவுக்குத் திரும்பும் வரை சைக்கிளைத் தொட வேண்டாம். நெஞ்சுவலியோ படபடப்போ இருந்தால் மறுபடி மருத்துவரிடம்.

சைக்கிள் சும்மா இருந்தாலும் கெடும்

கடற்கரை ஊரில் நின்ற சைக்கிளை நம்பி முதல் நாளே சாலையில் இறங்கக் கூடாது. உப்புக்காற்று கேபிளின் உறைக்குள் புகுந்து துருவேற்றியிருக்கும். பிரேக் லீவரை அழுத்தும்போது கனமாக இருந்தாலோ விட்டதும் சட்டென்று திரும்பாவிட்டாலோ எண்ணெய் விட்டுச் சமாளிக்காமல் கேபிளையும் உறையையும் சேர்த்து மாற்றுங்கள். டயரின் பக்கச் சுவரை விரலால் மடக்கிப் பாருங்கள். சிலந்திவலை போல வெடிப்பு இருந்தால் அந்த டயர் வீட்டு டிரெய்னருக்கு (சைக்கிளை மாட்டி நின்ற இடத்திலேயே மிதிக்கும் கருவி) மட்டும்தான். டியூப்லெஸ் என்றால் உள்ளே ஊற்றிய சீலன்ட் நம்மூர் வெப்பத்தில் இரண்டு மூன்று மாதத்திலேயே காய்ந்து ரப்பர் உருண்டையாகியிருக்கும். உரித்தெடுத்துவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள்.

செயினை அளக்கத் தனிக் கருவி இல்லாவிட்டாலும் இரும்பு ஸ்கேல் போதும். ஒரு ஊசியின் நடுவில் ஸ்கேலின் தொடக்கத்தை வைத்தால் 12 அங்குலத்தில் இன்னொரு ஊசியின் நடு வர வேண்டும். 1/16 அங்குலம் தாண்டினால் 0.5 சதவீதம் நீண்டிருக்கிறது என்று பொருள். 11, 12 கியர் செயின்களை அங்கேயே மாற்ற வேண்டும். அதற்குக் கீழான கியர்களுக்கு 0.75 வரை பொறுக்கலாம். 1/8 அங்குலம் தாண்டியிருந்தால் பின் கியர் தட்டும் தேய்ந்திருக்கும். அந்த நிலையில் செயினை மட்டும் மாற்றினால், எழுந்து நின்று மிதிக்கும்போது பல் விட்டு வழுக்கி ஆளையே தள்ளிவிடும்.

பலரும் மறக்கும் ஒன்று சீட் கம்பம். வருடக்கணக்கில் எடுக்காத அலுமினியக் கம்பம் பிரேமோடு இறுகிவிடும். இப்போதே வெளியே எடுத்துத் துடைத்து, உலோகமானால் கிரீஸும் கார்பனானால் அதற்கான பசையும் தடவி மாட்டுங்கள். எடுக்கும் முன் உயரத்தை டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். ஹேண்டில் பாரைப் பிடிக்கும் ஸ்டெம் திருகுகள் பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டர் முறுக்கம் கேட்பவை, அந்த எண் ஸ்டெம்மிலேயே அச்சாகியிருக்கும்.

ஹெல்மெட்டின் உள்நுரை பொடிந்திருந்தாலோ ஒருமுறை அடிபட்டிருந்தாலோ புதிது வாங்குங்கள். இதயத் துடிப்பை அளக்க மார்பில் கட்டும் பட்டையின் பேட்டரியையும் மாற்றிவிடுங்கள். தேய்ந்த பேட்டரி தாறுமாறான எண்ணைக் காட்டி வீண் பயம் கொடுக்கும்.

பழைய உட்காரும் நிலை இப்போது உங்களுடையது அல்ல

சைக்கிள் மாறியிருக்காது. உடம்பு மாறியிருக்கும். நாற்காலியில் கழிந்த வருடங்கள் தொடையின் பின்தசையைச் சுருக்கியிருக்கும், வயிறு கொஞ்சம் முன்னே வந்திருக்கும். பழைய சீட் உயரத்தில் இடுப்பு இரண்டு பக்கமும் ஆடத் தொடங்கும். குதிகாலைப் பெடலின் மேல் வைத்துப் பெடலைக் கீழே கொண்டுபோனால் கால் மடங்காமல் நீட்டி நிற்க வேண்டும், இடுப்பு சாயக் கூடாது. இது தொடக்கத்துக்குப் போதுமான அளவு. பிறகு பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முழங்கால் 25 முதல் 35 டிகிரி மடங்கியிருக்கும். முதல் ஒரு மாதம் பழைய குறியை விட 3 முதல் 5 மில்லிமீட்டர் இறக்கி வைப்பது நல்லது. எந்த மாற்றமும் ஒரு முறைக்கு 5 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம், இரண்டு மாற்றங்களை ஒரே நாளில் செய்யவும் வேண்டாம். எது உதவியது, எது கெடுத்தது என்று பிறகு கண்டுபிடிக்க முடியாது.

கைகளில் மரப்பும் கழுத்து வலியும் வந்தால் ஹேண்டில் பார் உங்களுக்குத் தாழ்வாக இருக்கிறது. செலவே இல்லாத வழி ஸ்டெம்மைக் கவிழ்த்து மாட்டுவது. 100 மில்லிமீட்டர் நீளமும் 6 டிகிரி சாய்வும் உள்ள ஸ்டெம்மைத் திருப்பிப் போட்டால் பார் ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் உயரும். சைக்கிள் பார்க்க அழகாக இருக்காது என்று தயங்குகிறவர்கள் உண்டு. நான்கு மாதம் கழித்து, உடம்பு வளையும்போது, மறுபடி கவிழ்த்துக்கொள்ளலாம்.

முதல் நான்கு வாரம்: எண்களே வேண்டாம்

வாரத்துக்கு நான்கு நாள். மூன்று நாள் 45 நிமிடம், ஒரு நாள் ஒன்றரை மணி நேரம். எல்லாமே முழு வாக்கியமாகப் பேசிக்கொண்டு ஓட்டக்கூடிய வேகம். ஒரு வாக்கியத்தின் நடுவில் மூச்சுக்காக நிறுத்த வேண்டியிருந்தால் வேகம் அதிகம். பெடல் சுற்று நிமிடத்துக்கு 85 முதல் 95. கனமான கியரில் 65 சுற்று மிதிப்பதும் இலகுவான கியரில் 90 சுற்று மிதிப்பதும் ஒரே வாட்டைத் தரலாம். ஆனால் ஒவ்வொரு மிதியிலும் முழங்கால் சிப்பியின் மேல் விழும் விசை முதலதில் மிக அதிகம். பின்னால் பெரிய தட்டு வேண்டும். முன்னே 34, பின்னே 34 பல் இருந்தால் பாலம் ஏறும்போதும் சுற்று குறையாது. பெருமைக்காக முன்னே பெரிய தட்டில் வைத்து மிதிப்பதைப் போல முழங்காலைக் கெடுப்பது வேறில்லை.

இந்த நான்கு வாரத்தில் எந்தச் சோதனையும் வேண்டாம். முதல் வாரமே எஃப்டிபி (ஏறத்தாழ ஒரு மணி நேரம் விடாமல் தாங்கக்கூடிய உச்ச வாட்) சோதனை செய்து பார்ப்பவர்களுக்கு இரண்டு நஷ்டம். கிடைக்கும் எண் இரண்டு வாரத்தில் காலாவதியாகிவிடும். இன்னும் பலப்படாத தசைநாணின் மேல் 20 நிமிட முழுமூச்சு அழுத்தமும் விழும்.

அதைவிட மோசமானது பழைய எண்ணையே வைத்துக்கொள்வது. ஸ்ட்ராவா, கார்மின், சுவிஃப்ட் போன்ற பயிற்சிச் செயலிகள் எல்லாம் உங்கள் பழைய எஃப்டிபியையும் பழைய எடையையும் நினைவில் வைத்திருக்கும். முன்பு எஃப்டிபி 240 வாட், இப்போது உண்மையில் 180 என்று வையுங்கள். எஃப்டிபியில் 90 சதவீதம் என்று எழுதியிருக்கும் பயிற்சியைச் செயலி 216 வாட்டில் வைக்கும். அது இன்றைய 180இல் 120 சதவீதம். பத்து நிமிடம் தாங்க வேண்டிய பயிற்சி மூன்று நிமிடத்தில் ஆளை உருக்கும் பயிற்சியாகிவிடும். ஸ்மார்ட் டிரெய்னரில், குறித்த வாட்டைக் கருவியே பிடித்து வைக்கும் எர்க் முறையில் இது இன்னும் ஆபத்து. கால் தளர்ந்து சுற்று குறையக் குறைய, அதே வாட்டைப் பிடித்து வைக்க டிரெய்னர் இறுக்கத்தைக் கூட்டும். கடைசியில் 45 சுற்றில், சேற்றில் மிதிப்பது போல முழு எடையும் முழங்காலில் இறங்கும். எனவே தொடங்கும் நாளிலேயே எல்லாச் செயலிகளிலும் எஃப்டிபியைப் பழைய எண்ணில் 70 சதவீதமாகக் குறைத்து வையுங்கள். பிறகு சோதித்துச் சரிசெய்யலாம்.

நான்காவது வாரம் இளைப்பாறும் வாரம், மொத்த நேரம் பாதியாகட்டும். 45 வயதுக்கு மேற்பட்டவர்கள் மூன்று வாரத்துக்கு ஒரு முறையே இப்படி இறக்கிக்கொள்வது நல்லது.

ஐந்தாவது வாரம்: அளவெடுப்பு

வாட் மீட்டர் உள்ளவர்கள் 20 நிமிடச் சோதனை செய்யலாம். 15 நிமிடம் உடம்பைச் சூடாக்கி, ஒரு நிமிட வேகச் சுற்று மூன்று, பிறகு 5 நிமிடம் முழு வலுவோடு, 10 நிமிடம் மெல்ல, அடுத்து 20 நிமிடம் சீராக. அந்த 20 நிமிடச் சராசரியில் 95 சதவீதம்தான் எஃப்டிபி. நடுவில் வரும் அந்த 5 நிமிடத்தைத் தவிர்த்துவிட்டு 95 சதவீதம் எடுத்தால் எண் கூடுதலாக வரும். டிரெய்னர் செயலிகளில் படிப்படியாக ஏறும் சோதனையும் உண்டு. அதில் கடைசியாகத் தாங்கிய ஒரு நிமிடத்தின் 75 சதவீதம் எடுக்கப்படும்.

வாட் மீட்டர் இல்லாதது குறையே இல்லை. 30 நிமிடம் தனியாக, முழு மனதோடு, சீராக ஓட்டி, கடைசி 20 நிமிடத்தின் சராசரித் துடிப்பை எடுங்கள். அது 162 வந்தால், நிதானச் சவாரிகளின் எல்லை அதில் 81 முதல் 89 சதவீதம், அதாவது 131 முதல் 144. உச்சத் துடிப்பை 220இல் வயதைக் கழித்துக் கண்டுபிடிக்கும் பழக்கத்தை விட்டுவிடலாம். அந்தக் கணக்கு ஒரே வயதுக்காரர்களிடையே 10, 12 துடிப்பு முன்பின்னாக இருக்கும். அதை வைத்து எல்லை போட்டால் சிலர் தினமும் அளவுக்கு மீறி உழைப்பார்கள்.

சோதனையைச் சிக்னல் இல்லாத சாலையில் விடியலுக்கு முன்போ வீட்டு டிரெய்னரிலோ செய்யலாம், ஆனால் இரண்டையும் கலக்காதீர்கள். அறைக்குள் காற்றோட்டம் இல்லாததால் வாட் குறைவாகவே வரும். சீலிங் ஃபேன் போதாது. முகத்துக்கும் மார்புக்கும் நேராக ஒரு பெரிய மேசை விசிறி வேண்டும், இரண்டு இருந்தால் இன்னும் நல்லது. வியர்வை ஸ்டெம் திருகில் சொட்டித் துருவேற்றும், துண்டு போட்டு மூடுங்கள், முடித்ததும் ஈரத்துணியால் துடையுங்கள்.

ஆறு முதல் பதினாறு வரை

இங்கே ஒரு விதி: வாரத்தில் ஒரு கடினமான நாள், பிறகு இரண்டு. மூன்று எப்போதும் இல்லை. ஆறாவது வாரத்தில் எஃப்டிபியில் 88 முதல் 92 சதவீதத்தில் 10 நிமிடம், 5 நிமிட இடைவெளி, இப்படி மூன்று முறை. வாரம் தோறும் ஒவ்வொரு துண்டையும் 2 நிமிடம் கூட்டி, பதினொன்றாவது வாரத்துக்குள் 20 நிமிடம் இரண்டு முறைக்கு வந்துவிடலாம். வாட்டைக் கூட்ட வேண்டாம், நேரத்தைக் கூட்டுங்கள். பத்தாவது வாரத்துக்குப் பிறகு இரண்டாவது கடின நாள் வரலாம்: 110 முதல் 115 சதவீதத்தில் 3 நிமிடம், 3 நிமிட ஓய்வு, ஐந்து முறை. 200 கி.மீ. முடிப்பது மட்டுமே இலக்கு என்றால் இந்த இரண்டாவது நாள் இல்லாமலும் முடிக்கலாம். மலை ஏற ஆசையுள்ளவர்களுக்கு அது வேண்டும். 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலையில் மூச்சின் மேல்வரம்பு உயர்ந்திருந்தால்தான் நிதானம் கிடைக்கும்.

மீதி எல்லா நாளும் பேசிக்கொண்டே ஓட்டும் வேகம். நடுத்தரமாக, கொஞ்சம் மூச்சு வாங்கும் அளவில், எல்லா நாளும் ஓட்டுவது நம்மில் பலருக்கு இயல்பாக வருகிறது. அது களைப்பைச் சேர்க்கும் அளவுக்குத் திறனைச் சேர்ப்பதில்லை.

ஞாயிறு நீள்சவாரி இப்படிப் போகலாம்: ஐந்தாவது வாரம் 40 கி.மீ., பிறகு 50, 60, எட்டாவது வாரம் இறங்கி 40. அடுத்து 75, 90, 105, பன்னிரண்டாவது வாரம் 70. பிறகு 120, 140, பதினைந்தாவது வாரம் 80, பதினாறில் 200. பயிற்சியில் 150க்கு மேல் போக வேண்டியதே இல்லை. திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் போய்த் திரும்பினால் ஏறத்தாழ 90 கி.மீ., அது இந்த வரிசைக்கு நல்ல அளவுகோல்.

கிழக்குக் கடற்கரைச் சாலை தட்டையானது என்பதால் எளிது என்று எண்ண வேண்டாம். இறக்கமே இல்லாததால் கால் ஓயாது, உட்காரும் எலும்பின் அழுத்தமும் விலகாது. கால் மணிக்கு ஒரு முறை 20 நொடி எழுந்து நின்று மிதியுங்கள். காற்றையும் கணக்கில் எடுங்கள். வடகிழக்குப் பருவ மாதங்களில் தெற்கே போகும்போது பின்காற்று, திரும்பும்போது களைத்த உடம்புக்கு எதிர்காற்று. போகும்போது கிடைக்கும் வேகம் உங்களுடையது அல்ல. துடிப்பை மட்டும் பாருங்கள், பாதித் தூரத்தில் மனதுக்குள் நேரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். தென்மேற்குப் பருவக்காற்றின் மாதங்களில் இது தலைகீழ், அதனால் புதிதாகத் திரும்பியவர்களுக்கு அந்தக் காலைகளே பாதுகாப்பு.

ஒரு நாள் தவறினால் தவறியதாகவே இருக்கட்டும், அடுத்த நாள் இரட்டிப்பாக ஈடுகட்ட வேண்டாம். ஒரு வாரம் தவறினால் அதற்கு முந்தைய வாரத்தைத் திரும்பச் செய்யுங்கள். இரண்டு வாரம் போனால் இரண்டு வாரம் பின்னே போங்கள். காலைத் துடிப்பு வழக்கத்தை விட 6, 7 கூடியிருந்தால் அன்று கடினப் பயிற்சி கிடையாது.

பயிற்சியின் சுமையை எண்ணில் பார்க்க விரும்புகிறவர்கள், கடுமையையும் நேரத்தையும் சேர்த்துப் புள்ளி போடும் டிஎஸ்எஸ் கணக்கைப் பயன்படுத்தலாம். எஃப்டிபியில் ஒரு மணி நேரம் 100 புள்ளி. அதில் 65 சதவீதத்தில் ஒரு மணி நேரம் 42 புள்ளி. 42 நாள் சராசரியாகச் செயலிகள் காட்டும் உடற்தகுதிக் கோடு வாரத்துக்கு 3 முதல் 5 புள்ளிக்கு மேல் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கோடு மூச்சையும் தசையையும் மட்டுமே அறியும். உங்கள் முழங்காலைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது.

முழங்காலுக்கு என்று தனியாக

வலி எங்கே இருக்கிறது என்பதே காரணத்தைச் சொல்லும். முன்பக்கம், சிப்பியைச் சுற்றி வலித்தால் சீட் தாழ்வு அல்லது கியர் கனம். பின்பக்கம் வலித்தால் சீட் உயரம் அல்லது மிகவும் பின்னால். உள்பக்கமோ வெளிப்பக்கமோ வலித்தால் ஷூவின் அடியில் உள்ள கிளீட் கோணத்தைப் பாருங்கள். தேய்ந்த கிளீட்டை மாற்றும்போது பழையதைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டுக்கொண்டு அதே இடத்தில் பொருத்துங்கள்.

பத்துக்கு மூன்று வரையிலான வலி, மறுநாள் காலைக்குள் அடங்கினால், ஓட்டலாம். அதற்கு மேல் போனாலோ காலையில் படி இறங்கும்போது குத்தினாலோ கனத்தையும் தூரத்தையும் பாதியாக்குங்கள். முழு ஓய்வு தசைநாணை இன்னும் பலவீனமாக்கும். சுவரில் முதுகு சாய்த்து, நாற்காலியில் உட்கார்ந்தது போல 45 நொடி நின்று, 2 நிமிடம் ஓய்ந்து, ஐந்து முறை செய்வது வலியையும் குறைக்கும், தசைநாணுக்கு வேலையும் கொடுக்கும். வீக்கம், பூட்டிக்கொள்ளுதல், கால் மடங்கி நழுவுதல் இருந்தால் வீட்டு வைத்தியம் வேண்டாம், மருத்துவரிடம் போங்கள்.

வாரத்தில் இரண்டு நாள் 25 நிமிடம் வலுப் பயிற்சி முதல் வாரத்திலிருந்தே வேண்டும். படியில் ஒரு காலால் ஏறி இறங்குவது, படுத்து முழங்காலை மடக்கி இடுப்பைத் தூக்குவது, ஒற்றைக்காலில் குதிகால் உயர்த்துவது, இடுப்பில் மடங்கிக் கனம் தூக்குவது. ஒவ்வொன்றும் 8 முதல் 12 தடவை, மூன்று சுற்று. டம்பெல் இல்லாவிட்டால் தண்ணீர் நிரப்பிய கேன் போதும். திட்டத்தில் எதையாவது வெட்ட நேரம் வந்தால் இதை வெட்டாதீர்கள், ஒரு சவாரியை வெட்டுங்கள்.

வியர்வையும் தோலும்

சென்னையின் ஈரப்பதத்தில் வியர்வை காயாது, உடம்பு குளிராது. ஒரே வேகத்தில் ஓட்டினாலும் இரண்டாவது மணியில் துடிப்பு 10, 15 ஏறும். அதைப் பயிற்சிக் குறைவு என்று நினைக்காமல் வேகத்தைக் குறையுங்கள். வெயிலுக்கு உடம்பு பழக 10 முதல் 14 நாள் ஆகும். ஏசியில் நாள் முழுதும் இருப்பவர்களுக்கு இந்த இரண்டு வாரம் மிக முக்கியம். அக்னி நட்சத்திர நாட்களில் கடினப் பயிற்சியை விடியலுக்கு முன்போ வீட்டுக்குள்ளோ முடித்துவிட வேண்டும்.

ஒரு லிட்டர் தண்ணீரில் 40 முதல் 60 கிராம் சர்க்கரை, தட்டையாக அரைத் தேக்கரண்டி உப்பு, எலுமிச்சைச் சாறு. இதுவே பெரும்பாலான கடைப் பொடிகளுக்குச் சமமான வேலை செய்யும். இளநீர் நல்லது, ஆனால் அதில் பொட்டாசியம்தான் அதிகம், வியர்வையில் போகும் சோடியத்தை ஈடுகட்டாது. கூடவே உப்பு போட்ட கடலையோ ஊறுகாய் வைத்த தயிர்சாதமோ சாப்பிடுங்கள். வெறும் தண்ணீரை லிட்டர் லிட்டராகக் குடிப்பது ரத்தத்தில் சோடியத்தை ஆபத்தாகக் குறைக்கும். கிளம்பும் முன்னும் வந்த பின்னும் எடை பாருங்கள். 2 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் குடித்தது போதவில்லை, கூடியிருந்தால் அளவுக்கு மீறிக் குடித்திருக்கிறீர்கள்.

ஒன்றரை மணியைத் தாண்டும் சவாரிகளில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து. ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் ஏறத்தாழ 25 கிராம் இருக்கும். பசித்த பிறகு சாப்பிடத் தொடங்கினால் தாமதம், முதல் 30 நிமிடத்திலேயே தொடங்குங்கள். எடை குறைக்கும் ஆசையை இதோடு கலக்காதீர்கள். கடின நாட்களில் பட்டினி போட்டால் தசைநாணும் தசையும் தேற மூலப்பொருள் இருக்காது. புரதம் ஒரு கிலோ எடைக்கு 1.6 கிராம் வேண்டும், 70 கிலோ ஆளுக்கு 112 கிராம். இட்லியும் சாம்பாரும் மட்டும் அங்கே கொண்டுபோகாது. முட்டை, மீன், கோழி, அல்லது சுண்டல், பனீர், தயிர், சோயா எதையாவது ஒவ்வொரு வேளையும் சேர்த்தால்தான் எட்டும்.

பேட் வைத்த ஷார்ட்ஸுக்குள் ஜட்டி போடக் கூடாது, தையல் உராய்ந்து புண்ணாக்கும். வந்ததும் உடனே கழற்றிக் குளித்து, ஷார்ட்ஸை ஒவ்வொரு முறையும் துவைத்து, உட்புறம் வெளியே தெரியும்படி வெயிலில் காய வையுங்கள். இதைச் சொல்வதற்குக் காரணம் படர்தாமரை. தொடை இடுக்கில் வட்டமாகச் சிவந்து அரித்தால் அது உராய்வுப் புண் அல்ல. மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு இரண்டு நாளில் அரிப்பை அடக்கிவிட்டு நோயைப் பரப்பும். தோல் மருத்துவர் சொல்லும் காலம் முழுக்க மருந்து போடுங்கள், அதுவரை டிரெய்னர் சவாரியையும் குறையுங்கள்.

குழுவும் 200ம்

குழுச் சவாரிக்குத் திரும்பும் முன் கை நிதானத்தையும் சோதித்துக்கொள்ளுங்கள். வண்டி விலகாமல் தோளுக்கு மேல் திரும்பிப் பார்ப்பது, ஒரு கையால் பாட்டில் எடுத்து வைப்பது, முன் பிரேக்கைச் சீராக அழுத்துவது. காலி மைதானத்தில் அரை மணி நேரம் போதும். எட்டாவது வாரத்துக்கு முன் வேகக் குழுவில் சேர வேண்டாம். முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தை விட்டுவிடக் கூடாது என்ற எண்ணம் வந்தால் யாரும் துடிப்பைப் பார்ப்பதில்லை.

200 அன்று மணிக்கு 20 கி.மீ. ஓட்டினால் 10 மணி நேரத்தில் தூரம் முடியும், 3 மணி 30 நிமிடம் நிறுத்தங்களுக்கு மிச்சம். முதல் 50 கி.மீ. மிகவும் மெல்லப் போவதாகத் தோன்றும் வேகமே சரியான வேகம். நிறுத்தங்களை 10 நிமிடத்துக்குள் வையுங்கள், மதியம் 12 முதல் 2 வரை மட்டும் நிழலில் 40 நிமிடம் எடுத்துக்கொள்ளலாம். புதிய ஷூ, புதிய சீட், புதிய ஜெல் எதையும் அன்று முயல வேண்டாம்.

முடித்தபின் இரண்டு வாரம் பேசிக்கொண்டே ஓட்டும் வேகம் மட்டும். மூச்சு நான்கு நாளில் தேறிவிடும், அடுத்த 300 கி.மீ.க்கு உடனே பெயர் கொடுக்கத் தோன்றும். அதற்கு 20 மணி நேர வரம்பு, இரவு ஓட்டம், முன்னும் பின்னும் விளக்கு, ஒளிரும் மேலாடை எல்லாம் வேண்டும். முழங்காலும் முதுகும் காலையில் எந்த முறையீடும் இல்லாமல் எழும் வாரத்திலிருந்து எண்ணத் தொடங்கி, ஆறு வாரம் தள்ளி வரும் தேதியில் பெயர் கொடுங்கள்.